ஏர்சம் பார்க்கில் இப்போது வீடுகள்

இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோவுக்கு வேலைக்கு வரும்போது அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டுதான்: இரும்பு ஆலைகள், அப்புறம் 1966 கால்பந்து உலகக் கோப்பையில் வட கொரியா இத்தாலியைத் தோற்கடித்த ஊர் என்பது. அந்த ஆட்டம் நடந்த ஏர்சம் பார்க் மைதானம் இன்று இல்லை. 1903 முதல் உள்ளூர் அணி அங்கேதான் ஆடியது. 1995இல் ரிவர்சைடு என்ற புது மைதானத்துக்கு மாறியதும், பழையதை இடித்து வீடுகளாகக் கட்டிவிட்டார்கள்.

ஊரிலிருந்து மாமா வந்திருந்தபோது அங்கே கூட்டிப்போனேன். வியாசர்பாடிக்காரர், ஃபுட்பால் என்றால் சோறு வேண்டாம். இறங்கிப் பார்த்துவிட்டு, "என்னடா, மைதானம்னு சொல்லி காலனிக்கு கூட்டிட்டு வந்திருக்கே?" என்றார். தெருப் பலகைகளைக் காட்டினேன். ஒன்றில் 'தி டர்ன்ஸ்டைல்' (மைதானத்துக்குள் நுழையும் சுழல்கதவு), இன்னொன்றில் 'தி மிட்ஃபீல்ட்' (நடுக்களம்). அதற்குப் பிறகுதான் மாமா முகம் மாறியது.

நாங்கள் தேடிப்போனது அதைவிடச் சின்ன விஷயம். அந்த ஆட்டத்தில் வட கொரியாவின் பாக் டூ இக் கோல் அடித்த இடத்தில், பூட்ஸ் ஆணி பதிந்த தடத்தை வெண்கலத்தில் வார்த்துப் பதித்திருக்கிறார் நெவில் கேபி என்ற கலைஞர். இருப்பது ஒரு வீட்டு முன்புறப் புல்தரையில். பெரிய சிலையை எதிர்பார்த்துப் போனால் கண்ணிலேயே படாது. காரைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், நாங்கள் முழிப்பதைப் பார்த்து, கேட்காமலேயே கையால் காட்டினார். எங்களைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போல.

ஜூலை 19, 1966. இத்தாலியின் புல்கரெல்லி முதல் பாதியிலேயே காயம்பட்டு வெளியேறினார். அப்போது மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாது, எனவே பத்துப் பேர்தான். இடைவேளைக்குச் சற்று முன் பாக் அடித்தது ஒரே கோல், அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் எனக்குப் பிடித்த பகுதி வேறு. மிடில்ஸ்பரோ அணியைப் போலவே கொரியர்களும் சிவப்புச் சட்டை போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைத் தங்கள் பிள்ளைகளாகவே சுவீகரித்துக்கொண்டார்கள். காலிறுதிக்கு லிவர்பூல் வரை கூடப் போனார்கள். அங்கே கொரியர்கள் மூன்று கோல் முன்னிலை பெற்ற பிறகும், யூசேபியோ ஒருவரே நான்கு கோல் அடிக்க, போர்ச்சுகலிடம் 5-3 என்று தோற்றது தனிச் சோகம். அந்த அணியில் உயிரோடிருந்தவர்கள் 2002இல் மிடில்ஸ்பரோவுக்கு மறுபடி வந்தபோதும் வரவேற்பு குறையவில்லை.

பழைய மைதானத்தின் இரும்புக் கதவுகளை ரிவர்சைடு வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அழகுதான், ஆனால் காட்சிப்பொருள். லண்டனில் ஆர்சனல் அணியின் பழைய மைதானமான ஹைபரியையும் பார்த்திருக்கிறேன். கிழக்கு ஸ்டாண்டின் முகப்பு பாதுகாக்கப்பட்ட கட்டடம், அதனால் இடிக்க முடியாமல் அடுக்குமாடி ஆக்கிவிட்டார்கள். ஆடுகளம் குடியிருப்பவர்களின் தோட்டமாகிவிட்டது. பணக்கார மிச்சம் அது. எனக்கென்னவோ, தினமும் பால் பாக்கெட் வாங்கப் போகிறவர் கடந்துபோகும் இந்த ஆணித்தடம்தான் உசத்தி.

மாமாவுக்கு அதிலும் திருப்தியில்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு, கோல்கம்பம் எந்த வீட்டுக்குள் வரும், இத்தாலி கீப்பர் அல்பெர்டோசி எங்கே விழுந்திருப்பார் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். இது அடுத்தவர் வீட்டு வாசல் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. போகிறவர்கள் பகலில் போங்கள், புல்லை மிதிக்காமல் பாருங்கள்.