மறு: பொதிதையல் துண்டிலிருந்து பின்னுவதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கைவேலைச் சொற்பட்டியலுக்கான இந்த மடலிழை எங்கெங்கோ போய்விட்டது. கேட்கப்பட்டது ஒன்றுதான். பஞ்சு வைத்துக் கையால் தைத்த ஒரு துண்டை எடுத்து, அதன் விளிம்பிலிருந்தே கம்பளி நூலால் பின்னி மணிக்கட்டுறையோ கழுத்துறையோ செய்கிறார்களே, அந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?

> 'மெத்தைத்தையல்' இருக்கும்போது குவில்ட்டிங்குக்குப் புதுச்சொல் எதற்கு?

மெத்தை என்றதும் கனம்தான் நினைவுக்கு வரும். மணிக்கட்டில் கனம் வேண்டாம்; இரண்டு மூன்று மில்லிமீட்டர் படலமே தாராளம். மேல்துணி, நடுப்படலம், அடித்துணி மூன்றையும் ஊடுருவி ஓட்டுத்தையல் போடுவதுதான் குவில்ட்டிங்கின் இலக்கணம். அதனால் 'பொதிதையல்' என்கிறேன். வினைத்தொகை என்பதால் எரிகல், விடுகதை போல வல்லினம் மிகாது. 'பொதித்தையல்' என்று எழுதினால் மூட்டை தைக்கும் வேலையாகிவிடும்.

> கந்தா மரபு இருக்கிறதே! 'கந்தைத்தையல்' என்றால் வேரும் கிடைக்கும்.

வேர் கிடைக்கும், பொருள் கிடைக்காது. வங்காளத்துக் கந்தாவில் பழைய புடவைகளை அடுக்கி அப்படியே தைப்பார்கள். நடுவில் தனியாகப் பஞ்சு வைக்கும் வழக்கமில்லை. அது போக, கண் வலிக்கத் தைத்து முடித்ததைக் கந்தை என்றால் தைத்தவர் சும்மா விடமாட்டார்.

இனி கூட்டுவேலைக்கு வருவோம். 'அடுக்குப்பின்னல்', 'பொதிபின்னல்' என்று இரண்டு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. இரண்டும் காதுக்கு இனியவை. இரண்டையும் வேறு வேலைகளுக்கு எடுத்து வைக்க வேண்டும். இரண்டு படலங்களை ஒரே நேரத்தில் பின்னும் டபுள் நிட்டிங் இருக்கிறது, அடுக்குப்பின்னல் அதற்குத்தான் பொருந்தும். நூற்காத கம்பளித் திரிகளை இடையிடையே செருகிப் பின்னும் குளிர்காலக் கையுறைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பக்கத்தில் உண்டு. பொதிபின்னல் என்றால் அதுதான்.

கைவேலையில் ஒரு சொல் தேறுமா என்று பார்க்க என்னிடம் இருப்பது ஒரே சோதனை: அதை ஏவலாக்கிப் பார்ப்பேன். செய்முறைக் குறிப்பு என்பது முழுக்க முழுக்க ஏவல் வினை. அங்கே நிற்காத பெயர்ச்சொல் அகராதியில் மட்டும்தான் வாழும்.

வேலை எப்படி நடக்கிறதென்று பாருங்கள். பொதிதையல் துண்டு இழுத்தால் நீளாது, பின்னல் நீளும். ஆகவே துண்டு மணிக்கட்டின் மேற்புறத்தில் உட்கார, உட்புறத்தைப் பின்னல் சுற்றி வளைக்கிறது. கை நுழைய வேண்டிய நெகிழ்வு முழுவதும் பின்னலிலிருந்தே வர வேண்டும். ஆனால் துணியில் பின்னல் ஊசி நேரே இறங்காது. முதலில் விளிம்பு நெடுக, ஒவ்வொரு தையலையும் ஓரத்தில் வளையமாகக் கோத்துப் போகும் பிளாங்கட் தையல் போட்டு, ஓரத்தில் படுக்கும் நூலுக்கு அடியில் ஊசியை விட்டுக் கண்ணி, அதாவது பின்னல் வளையம், எடுக்க வேண்டும். மாதிரிப் பின்னலில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி வந்தால், தையல் இடைவெளி 5 மி.மீ.; 8 செ.மீ. விளிம்புக்கு 16 கண்ணி. இந்தக் கணக்கு தப்பினால் ஓரம் அலையடிக்கும், அல்லது சுருங்கிக்கொள்ளும்.

> நெகிழ்வு வேண்டுமென்றால் ரிப் பின்னல் போட்டால் போதுமே?

இங்கே போதாது. ரிப், அதாவது மேடும் பள்ளமுமாகக் கோடு விழும் பின்னல், குறுக்கே நீள்வது. பக்க விளிம்பிலிருந்து பின்னும்போது அந்தக் கோடுகள் மணிக்கட்டைச் சுற்றி ஓடுவதால், அதன் நீட்சி முழங்கையை நோக்கிப் போய்விடும். எல்லா வரிசையிலும் நிட் என்ற அடிப்படைக் கண்ணியையே போடும் கார்ட்டர் பின்னல்தான் நெடுக்கே நன்றாக நீளும். இங்கே வேண்டியது அதுவே.

ஆக, இந்த வேலையின் உயிர் விளிம்பில் கண்ணி எடுக்கும் இடத்தில் இருக்கிறது. பின்னல், தைத்த துண்டை ஏந்திக்கொள்கிறது. என் முன்மொழிவு 'ஏந்துபின்னல்'. 'தொடுபின்னல்' என்றும் யோசித்தேன்; பூத்தொடுப்பதன் சாயல் அழகாக இருந்தது. தொடுதிரை வந்த பிறகு அந்தத் 'தொடு' நம் கையை விட்டுப் போய்விட்டது.

ஏவலாக்குவோம்: "துண்டைப் பொதிந்து தைக்கவும். வலது விளிம்பில் 16 கண்ணி ஏந்தி, மணிக்கட்டைச் சுற்றி வரும்வரை பின்னவும். இடது விளிம்போடு இணைத்து முடிக்கவும்." எங்கும் தடுக்கவில்லை. ஏந்துபின்னல் மணிக்கட்டுறை, ஏந்துபின்னல் கழுத்துறை என்று பொருள்களுக்கும் பெயர் தானாக அமைகிறது.

> நடுப்படலத்தை 'இடைப்பஞ்சு' எனலாமா?

கம்பளியும் பாலியெஸ்டரும் வைக்கிறார்கள். 'இடைப்பொதி' எனலாம். எதுவானாலும், துவைத்தால் சுருங்கும் படலமாக இருந்தால் முன்கூட்டியே நனைத்து உலர்த்தும்படி அருஞ்சொல் விளக்கத்திலேயே ஒரு வரி சேருங்கள். முடித்த பிறகு வெந்நீர் காட்டினால் கம்பளிப் பின்னலும் இறுகிப்போகும்.

பிளாங்கட் தையலைக் 'கம்பளித்தையல்' என்றெழுதுவதை மட்டும் ஏற்க மாட்டேன். இங்கே பின்னும் நூலே கம்பளி; குறிப்பைப் படிப்பவர் எந்த நூலால் தைப்பதென்று திண்டாடுவார். 'ஓரத்தையல்' என்றால் மடித்துத் தைப்பதோடு குழம்பும். நல்ல சொல் அகப்படும்வரை பட்டியலில் அது பிளாங்கட் தையலாகவே இருக்கட்டும்.