தருமபுரி 1989-ஆ, மலப்புரம் 1998-ஆ: மகளிர் குழுவில் யார் முன்னோடி?

அதியமான்கோட்டை (இரவு 9:12)
நேற்று வேறொரு இழையில் பாலக்காட்டான் போகிற போக்கில் எழுதியது இது: "ஏழைப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, அரசு வேலையையே அவர்கள் கையில் ஒப்படைத்த முதல் மாநிலம் கேரளம். குடும்பஸ்ரீயைப் பார்த்துத்தான் தமிழ்நாடு எழுதிக்கொண்டது." படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீ 1998 மே மாதம் மலப்புரத்தில் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு எங்கள் தருமபுரியில் மகளிர் குழுக்கள் வந்தது 1989-ல். ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த தங்கச்சியைப் பார்த்தா அக்கா எழுதப் பழகினாள்?

பாலக்காட்டான் (9:31)
நான் சொன்னது குழுவை அல்ல, அதிகாரத்தை. 1996-ல் கேரளத்தில் மக்கள் திட்டம் வந்தது. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. ஊராட்சியில் பணம் இருந்ததால் பெண்கள் அங்கே போய்க் கேட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேரும் அயல்கூட்டம், அதற்கு மேல் வார்டு, அதற்கும் மேல் ஊராட்சி என்று மூன்று அடுக்கு. உங்கள் குழு யாரிடம் போய்க் கேட்டது? வங்கி மேலாளரிடம்.

அதியமான்கோட்டை (9:34)
சரி. 1989 முதலில் வருமா, 1998 முதலில் வருமா? இதற்கு மட்டும் பதில்.

இளங்கதிர் (9:40)
ஐயா, முதலில் 'குழு' என்று எதைச் சொல்கிறோம் என்று பேசிக்கொள்ளலாமா? சேமிப்புக் குழு வேறு, ஊராட்சியோடு சேர்ந்து திட்டம் போடும் அமைப்பு வேறு.

அதியமான்கோட்டை (9:41)
தம்பி, பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தால் குழு. 1989-ல் உட்கார்ந்தார்கள்.

கணக்குப்பிள்ளை (9:58)
இரண்டு பேரும் தப்பு. 1980களின் நடுவிலேயே கர்நாடகத்தில் மைராடா தொண்டு நிறுவனம் கூட்டுறவுச் சங்கங்கள் உடைந்த இடங்களில் சிறு சிறு கடன் குழுக்களை வளர்த்துவிட்டது. அதையெல்லாம் பார்த்துத்தான் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992-ல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது.

அதியமான்கோட்டை (10:02)
காவிரி பற்றாதென்று இதையுமா அவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள்? அது தொண்டு நிறுவனம். நான் பேசுவது அரசுத் திட்டம். மேட்டூர் அணை எந்த மாவட்டம் என்று போன மாதம் இங்கே கேட்டவர்தானே நீங்கள்?

கணக்குப்பிள்ளை (10:05)
தட்டச்சுப் பிழைக்கு எத்தனை மாதம் தண்டனை?

மெரினாக்காற்று (10:09)
அரசுத் திட்டம் என்றால் அதையும் சரியாகச் சொல்லுங்கள். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. அந்த நிறுவனம் இல்லாமல் உங்கள் 1989 ஏது?

அதியமான்கோட்டை (10:13)
நிறுவனம் என்பது பெயர்ப்பலகை. குழு வந்தது 1989-ல், கலைஞர் ஆட்சியில். அதைத்தான் 1997-ல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள்.

மெரினாக்காற்று (10:15)
நடுவில் 91-லிருந்து 96 வரை அந்தக் குழுக்களுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? அந்த ஐந்து வருடமும் உங்கள் நாட்காட்டியில் கிழிந்துவிட்டதோ?

ஊக்குநர் அக்கா (10:37)
நான் பதினாறு வருடம் ஒரு மகளிர் குழுவை நடத்தும் ஊக்குநராக இருந்தவள். இருபது பேர், செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணி, மாரியம்மன் கோயில் திண்ணை. பணப்பெட்டி ஒருத்தி வீட்டில், சாவி இன்னொருத்தி வீட்டில். கையெழுத்துத் தெரியாதவர்களுக்குச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் பேரை எழுதிக் காட்டி, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதச் சொல்வேன். ஒரு பாட்டிக்குக் கடைசி வரைக்கும் 'ள்' மட்டும் வரவில்லை. புள்ளியைப் பெரிதாக வைத்துச் சமாளித்தாள். கைநாட்டு நின்றது. ஆனால் தீர்மானப் புத்தகம், உள்கடன் பேரேடு, வங்கிப் படிவம் எல்லாம் என் கையெழுத்துதான். பயிற்சி என்று கூப்பிட்டால் போவதும் நான் ஒருத்திதான், மற்றவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும். எனக்குப் பிரசவம் ஆனபோது இரண்டு மாதம் கூட்டமே நடக்கவில்லை. திறன் வளர்ந்தது எனக்கு மட்டும்தான். இதை யாராவது பேசுங்களேன்.

அதியமான்கோட்டை (10:41)
அக்கா, வணக்கம். அருமையான பதிவு. உங்கள் குழு எந்த வருடம்? தருமபுரிதானே?

ஊக்குநர் அக்கா (10:44)
2001. விழுப்புரம் பக்கம்.

அதியமான்கோட்டை (10:45)
அப்படியென்றால் இந்த இழைக்குப் பொருந்தாது அக்கா. தனியாகப் போடுங்கள், வந்து படிக்கிறேன்.

பாலக்காட்டான் (10:52)
பாருங்கள், ஒரு அம்மா உண்மையைச் சொன்னால் வருடம் கேட்கிறார்! அந்த அம்மா சொன்னதுதான் என் கட்சி. ஒருத்தி மட்டும் பயிற்சிக்குப் போகிற இடத்தில் மற்ற பத்தொன்பது பேர் வெறும் கடனாளிகள். கொச்சி மெட்ரோவுக்கு வாருங்கள். 2017-ல் தொடங்கிய நாளிலிருந்து பயணச்சீட்டு முதல் துப்புரவு வரை குடும்பஸ்ரீ ஆட்கள்தான்.

அதியமான்கோட்டை (10:58)
எங்கள் பள்ளிகளில் காலை உணவு சமைப்பது யாராம்? மகளிர் குழுப் பெண்கள்தான்.

பாலக்காட்டான் (11:01)
அது 2022. மெட்ரோ 2017. வருடம் பார்ப்பவர்தானே நீங்கள்?

அதியமான்கோட்டை (11:03)
சமையலைப் பற்றிப் பேச்சில்லை. தொடக்கத்தைப் பற்றித்தான் பேச்சு. தொடக்கம் 1989.

கணக்குப்பிள்ளை (11:10)
மைராடா.

இளங்கதிர் (11:12)
இந்தத் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது வரும் 'அதிகாரமளித்தல்' என்ற சொல்லே எனக்கு இடிக்கிறது. யார் அளிப்பது? மேலே இருப்பவர் கீழே போடுவது போல இருக்கிறது. 'மனித வளம்' அதைவிட மோசம், கிரானைட் மாதிரி வெட்டி எடுக்கிற சரக்கா பெண்கள்?

மெரினாக்காற்று (11:15)
கிரானைட் என்றதும் ஞாபகம் வருகிறது. மலையை வெட்டிக் காசு பார்த்தவர்கள் யார் யார் என்று ஒரு இழை போடலாமா?

அதியமான்கோட்டை (11:16)
திசை திருப்பாதீர்கள்.

ஓசூர்க்காரன் (11:29)
இப்போதுதான் பார்த்தேன். 1989-ல் தருமபுரி மாவட்டம் என்றால் அதில் ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை எல்லாம் அடக்கம். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். எனவே முதல் குழு எங்கள் பக்கத்துக் கிராமமாக ஏன் இருக்கக்கூடாது? 'எங்கள் தருமபுரி' என்று நீங்கள் மட்டும் மார்தட்டுவது நியாயமில்லை.

அதியமான்கோட்டை (11:33)
ஓசூர்க்காரரே, உங்களுக்கும் சேர்த்துத்தான் இரவு ஒன்பது மணியிலிருந்து மல்லுக்கு நிற்கிறேன். ஆனாலும் தலைநகரம் தருமபுரி. கோப்பு கிடந்தது தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில்.

ஓசூர்க்காரன் (11:35)
கோப்பு கிடந்த இடத்திலா பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள்? உங்கள் விளக்கம்தான் அது, மேலே 9:41-ல் இருக்கிறது.

பாலக்காட்டான் (11:36)
😂😂

அதியமான்கோட்டை (11:38)
சிரிப்பவர் முதலில் 1989-க்குப் பதில் சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும். ஓசூர்க்காரரே, உங்களுக்கு நாளை காலையில் வரைபடத்தோடு வருகிறேன்.