கிரேமாவுக்குத் தமிழ்: நுரையா, ஏடா, படலமா?

நொச்சி, செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறிய எஸ்பிரசோ இயந்திரம் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். (எஸ்பிரசோ என்பது வெந்நீரை மிகுந்த அழுத்தத்தில் தூளுக்குள் செலுத்தி எடுக்கும் கெட்டிக் காப்பி.) வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். 40 பக்கத்தில் 38 முடிந்துவிட்டது. மற்றச் சொற்களுக்கு ஏதோ ஒரு வழி கண்டுவிட்டேன். தூள் போடும் கைப்பிடிக்குப் பிடிவட்டில், அதற்குள் உட்காரும் துளைத் தகட்டுக்குச் சல்லடைக் கிண்ணம், அமுக்கப்பட்டு இறுகிய தூளுக்குக் காப்பி வில்லை. கிரேமா என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறேன்.

எஸ்பிரசோவின் மேலே செம்பழுப்பாக நிற்கிறதே, அதுதான் கிரேமா. முதலில் 'நுரை' என்றே போட்டேன். ஆனால் இதே இயந்திரத்தில் ஆவிக்குழாயும் உண்டு, அது பாலை நுரைக்க வைக்கும். "நுரை மெலிந்திருந்தால் தூளை இன்னும் நுணுக்கமாக அரைக்கவும்" என்று ஓரிடத்தில் வருகிறது. "நுரை வராவிட்டால் ஆவிக்குழாயின் நுனித் துளையை ஊசியால் சுத்தம் செய்யவும்" என்று இன்னோரிடத்தில். சோதனைக்காக அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். காப்பியில் நுரை கட்டவில்லை என்று அவர் அரை மணி நேரம் ஆவிக்குழாயைக் குத்திக்கொண்டிருந்தார். உண்மையில் தூள் கரகரப்பாக இருந்ததுதான் காரணம். அந்த அரை மணி நேரத்துக்கு நான் பொறுப்பு.

சரி, 'கிரேமா' என்றே விட்டுவிடலாம் என்றால், "கிரீம் எப்போது ஊற்ற வேண்டும்?" என்று கேட்கிறார்.

பனையோலை, செவ்வாய் காலை

நொச்சி அம்மாவுக்கு வணக்கம்.

கிரேமாவை அப்படியே எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தொல்காப்பியம் வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் நம்மிடம் சொல் இல்லாதபோதுதான் அந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பது என் கொள்கை. நுரை நம்மிடம் இருக்கிறது. மலையாளத்தில் நுர, கன்னடத்தில் நொரெ, தெலுங்கில் நுருகு. இத்தனை மொழிகள் காத்து வைத்திருக்கும் பழஞ்சொல் அது. நிறத்தைச் சேர்த்தால் வேறுபாடு கிடைத்துவிடும். பொன்னிறமான நுரை, பொன்னுரை.

பின்குறிப்பு: காப்பி என்னும் இடமெல்லாம் குளம்பி என்று எழுதலாமே.

நொச்சி, செவ்வாய் பகல்

ஐயா, குளம்பி வேண்டாம். 38 பக்கத்தையும் திருத்த எனக்கு நேரம் இல்லை, அத்தைக்கும் அது புரியாது. பொன்னுரை கேட்க அழகாக இருக்கிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மரங்கொத்தி, செவ்வாய் மாலை

பனையோலை ஐயாவின் சொல்லில் ஒரு சிக்கல். பொன் + நுரை பொன்னுரை ஆகும், நகரம் னகரமாகத் திரியும், அதில் பிழை இல்லை. ஆனால் பொன் + உரையும் பொன்னுரையே. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். இரண்டு வழியில் போனாலும் ஒரே வீட்டுக்குத்தான் வந்து சேர்கிறோம். "பொன்னுரை குறைந்தால் அரைவையைச் சரிபார்க்கவும்" என்று படிப்பவர் சான்றோர் வாக்கு குறைந்துவிட்டது என்றுதான் முதலில் எண்ணுவார்.

பனையோலை, செவ்வாய் இரவு

அந்த இரட்டைப் பொருளைத்தான் நான் விரும்புகிறேன். உரை என்றால் தேய்ப்பதும்தான். கல்லில் உரைத்த கோட்டின் நிறத்தைப் பார்த்துப் பொன்னின் மாற்றைச் சொல்வார்கள். குளம்பியின் மேலே நிற்கும் நிறத்தைப் பார்த்துப் பிழிவு சரியா என்று சொல்கிறோம். உரைகல் செய்யும் வேலையை இந்த நுரை செய்கிறது. பொன்னுரை என்ற ஒரே சொல்லுக்குள் பொருளும் அதன் பயனும் அமைந்துவிட்டன. இதைவிடப் பொருத்தம் தானாக வாய்க்காது.

சக்கரம், புதன் காலை

ஆறு ஆண்டாக வீட்டில் சிறிய இயந்திரம் வைத்திருக்கிறேன். மூன்று முறை முழுக்கப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், பொன்னிறம் வந்தால் பெரும்பாலும் ஏதோ தப்பு.

18 கிராம் தூள் போட்டு, 25 முதல் 30 நொடிக்குள் 36 கிராம் அளவு காப்பி இறங்கினால் மேலே செம்பழுப்பு நிற்கும். தூள் கரகரப்பாக இருந்து 12 நொடியில் கொட்டிவிட்டால் வெளிறிய மஞ்சளாக, பெருங்குமிழியோடு வரும், உடனே கலைந்தும் போகும். வில்லையில் ஓரிடம் தளர்ந்து நீர் அந்த வழியாகவே பாய்ந்தாலும் இதே கதைதான். (இதற்குக் கையேட்டில் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? ஏரிக்கரையில் சொல்வதுபோல 'உடைப்பு' என்று சொல்லலாம். "வில்லையில் உடைப்பெடுத்துவிட்டது" என்றால் யாருக்கும் விளங்கும்.) ஆக, பொன்னுரை என்ற பெயர் நல்ல நுரையை விட்டுக் கெட்ட நுரைக்குப் போய்விடுகிறது.

என் பரிந்துரை பிழிநுரை. வினைத்தொகை. பிழிந்த, பிழிகிற, பிழியும் நுரை. எஸ்பிரசோ என்ற இத்தாலியச் சொல்லுக்கே 'பிழிந்து எடுத்தது' என்ற பொருள் உண்டு.

நொச்சி, புதன் காலை

உடைப்பை அப்படியே எடுத்துக்கொண்டேன். மிக்க நன்றி. அங்கே 'தடப்போக்கு' என்று ஏதோ எழுதி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன்.

மரங்கொத்தி, புதன் பகல்

பிழி என்பதற்குச் சங்கப் பாட்டில் கள் என்றே பொருள். நறும்பிழி என்று வரும். அதுவும் நுரைக்கும். பிழிநுரை என்றால் எனக்குக் கள்ளின் நுரைதான் கண்முன் நிற்கிறது. இன்றைய வாசகருக்கு அப்படித் தோன்றாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வரலாற்றிலும் ஓர் இடறல். பெட்செரா என்ற இத்தாலியர் 1901-ல் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஆவியின் அழுத்தத்தால் இயங்கியது. அது தந்த காப்பிக்கு இந்த நுரை கிடையாது. காஜியா என்ற இன்னோர் இத்தாலியர் 1938-ல் காப்புரிமை கோரி, போருக்குப் பின் நெம்புகோல் இயந்திரம் கொண்டு வந்த பிறகுதான் நீரின் அழுத்தம் உயர்ந்து நுரை நிலைத்தது. அதாவது பிழிவு முந்தியது, நுரை பிந்தியது. பிழிவதால் மட்டும் இது வருவதில்லை.

கிரேமாவுக்கு இத்தாலியத்தில் நேர்ப்பொருள் பாலின் மேலே திரளும் கொழுப்பு. அதைத் தமிழ் ஏடு என்கிறது. பாலேடு, தயிரேடு. ஓலையும் ஏடு, பூவிதழும் ஏடு. மெல்லியதாக, படலமாக, மேலே விரிந்து கிடப்பது எதுவோ அது ஏடு. காப்பியேடு என்று வைக்கலாம்.

சக்கரம், புதன் மாலை

ஐயா, காப்பியேடு என்றால் காப்பியம் எழுதிய ஏடு என்று படித்துவிட மாட்டார்களா? நான் முதலில் அப்படித்தான் படித்தேன்.

தும்பி, புதன் இரவு

நான் வேதியியல் நடத்துபவள். பெயர் வைக்கும் முன் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம்.

வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு உண்டாகி அடைபட்டுக் கிடக்கிறது. 9 பார் அழுத்தத்தில், 90 டிகிரிக்கு மேற்பட்ட நீர் தூளை ஊடுருவும்போது அந்த வாயு நீரில் கரைகிறது. சல்லடைக் கிண்ணத்தை விட்டு வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது, கரைந்த வாயு நுண்குமிழிகளாகப் பிரிகிறது. சோடாப் புட்டியைத் திறக்கும்போது நடப்பதேதான். வறுத்தலில் உண்டான பழுப்புப் பொருள்களும் புரதமும் குமிழியின் சுவரைத் தாங்குகின்றன. எண்ணெய்த் துளிகளும் அதில் கலந்து நிற்கின்றன. இதனால்தான் வறுத்துப் பல வாரம் ஆன கொட்டையில் மெல்லிய வளையம்தான் கிடைக்கும், வாயு ஏற்கெனவே போய்விட்டது. வறுத்த மறுநாளே அரைத்தாலும் வாயு மிகுந்து, நுரை பொங்கி எழுந்து உடனே அடங்கிவிடும்.

பால்நுரை இதற்கு நேர் எதிர். அங்கே வாயு உள்ளிருந்து வருவதில்லை, ஆவி வெளிக்காற்றை இழுத்துப் பாலுக்குள் செலுத்துகிறது. எண்ணெய் கலந்த நுரை என்பதால் நெய்ந்நுரை என்று சொல்லத் தோன்றுகிறது. செய்ந்நன்றி போல நகரம் மிகும்.

நொச்சி, புதன் இரவு

தும்பி, விளக்கம் அருமை. இதை ஒரு பத்தியாகச் சுருக்கிக் கையேட்டின் முன்னுரையில் சேர்க்கக் கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் நெய்ந்நுரை என்றால் நெய் ஊற்றச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். நெய் என்றால் எண்ணெயும்தான் என்பது நமக்குள்தான் தெரியும்.

தும்பி, வியாழன் காலை

ஆமாம். இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் நுரையைத் தாங்குவதைவிடக் கலைப்பதுதான் அதிகம். ஆகவே நெய்ந்நுரை என்பது தாங்குவதை விட்டுக் கலைப்பதன் பெயரைச் சூட்டுகிறது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சக்கரம், வியாழன் காலை

நொச்சி, ஒரு கேள்வி. உங்கள் இயந்திரத்தோடு இரட்டைச் சுவர்ச் சல்லடைக் கிண்ணம் வருகிறதா? சிறிய இயந்திரங்கள் பலவற்றில் அதுவும் ஒற்றைச் சுவர்க் கிண்ணமும் சேர்ந்தே வரும். இரட்டைச் சுவரில் காப்பி ஒரே ஒரு நுண்துளை வழியாக வெளியேறுவதால் பழைய தூளிலும் நுரை எழும். அதைப் பார்த்துத் தூள் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக்கூடாது. எனக்கு முதல் ஆண்டு முழுவதும் அப்படித்தான் போனது. ஒற்றைச் சுவருக்கு மாறிய அன்று நுரையே இல்லை, இயந்திரம் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். நீங்கள் வைக்கும் சொல் இந்த இரண்டு நுரையையும் தாங்க வேண்டும்.

நொச்சி, வியாழன் பகல்

இரண்டு கிண்ணமும் வருகின்றன. அதனால் எப்படி உண்டாகிறது என்று சொல்லும் பெயர் எதுவும் நிற்காது. எங்கே இருக்கிறது அல்லது எப்படித் தெரிகிறது என்று சொல்லும் பெயர்தான் வேண்டும்.

பனையோலை, வியாழன் மாலை

நிறம் பற்றிச் சக்கரம் சொன்னதை ஏற்கிறேன். பொன்னுரையைக் கைவிடுகிறேன், உரைகல்லை விடுவதில் வருத்தம்தான். செம்மை + நுரை செந்நுரை. வேறு எப்படியும் பிரியாது. செம்மண், செவ்வாழை என்னும்போது செம்மை பழுப்பையும் சேர்த்தே காட்டுகிறது. தமிழின் செம்மை வெறும் சிவப்பு அன்று. அது மண்ணின் நிறம், முறுகிய பொருளின் நிறம்.

அப்புறம், எஸ்பிரசோவில் இருக்கும் ஸகரத்தைப் பற்றியும் பேச வேண்டும். எசுப்பிரசோ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தும்பி, வியாழன் மாலை

ஐயா, எஸ்பிரசோவை இந்த வாரம் தொட வேண்டாம். செந்நுரை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இளவறுவல் கொட்டையில் செம்மை சரியாக வருவதில்லை. சிவப்பாக வரவில்லையே என்று யாராவது நல்ல காப்பியைக் கொட்டிவிடுவார்கள். எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். மேல்நுரை.

மரங்கொத்தி, வியாழன் இரவு

சேர்த்து எழுதினால் மேனுரை. மேல் + நோக்கு மேனோக்கு ஆவதுபோல. இலக்கணப்படி அதுதான் சரி என்றாலும், கையேட்டில் மேல்நுரை என்றே பிரித்து வையுங்கள். புணர்ச்சிக்காகப் பொருளை இழக்கத் தேவையில்லை. இதை நான் எளிதில் சொல்பவன் அல்லன். ஏட்டை நான் இன்னும் மறக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

சக்கரம், வியாழன் இரவு

மேல்நுரைக்கு என் ஆதரவு. இன்னொரு செய்தி, தூளை அமுக்கும் கருவிக்கு நீங்கள் வைத்த 'அமுக்கி' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தரை கெட்டிக்கும் திமிசுக்கட்டை செய்வதும் இதே வேலைதான், மட்டமாக, ஒரே சீராக இறுக்குவது. கிண்ணத்தின் வாய் 51 மில்லிமீட்டரா 54-ஆ என்று பார்த்து அதற்கேற்ற திமிசு வாங்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். ஓரத்தில் இடைவெளி விட்டால் உடைப்பு அங்கேதான் எடுக்கும்.

நொச்சி, வெள்ளி பகல்

அனைவருக்கும் நன்றி. முடிவு இது. முதல் முறை வருமிடத்தில் 'கிரேமா எனப்படும் மேல்நுரை', அதன் பிறகு மேல்நுரை. ஆவிக்குழாயில் வருவது பால்நுரை. அமுக்கி அப்படியே இருக்கட்டும், திமிசு எனக்குப் பிடித்திருந்தாலும் அத்தைக்கு விளக்க வேண்டியிருந்தது.

இன்று காலை திருத்திய பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். "மேல்நுரை மெலிந்திருந்தால்" என்று படித்துவிட்டு நேராக அரைவைப் பொறிக்குப் போனார். கையேட்டை அனுப்பிவிட்டேன்.

மரங்கொத்தி, சனி காலை

வாழ்த்துகள். ஆனால் இரவு ஒன்று தோன்றியது. கப்புச்சினோவில் மேலே நிற்பது பால்நுரை அல்லவா? கிரேமா பாலுக்கு அடியில் போய்விடுகிறது. அப்போதும் அதன் பெயர் மேல்நுரையா?

நொச்சி, சனி பகல்

31-ஆம் பக்கத்தில் "மேல்நுரையின் மீது பால்நுரையை மெல்ல ஊற்றவும்" என்று எழுதியிருக்கிறேன், ஐயா. ஊற்றும் நொடி வரைக்கும் அது மேலேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த பதிப்பு வந்தால் மீண்டும் கேட்கிறேன்.

பனையோலை, சனி மாலை

செந்நுரையின் மீது வெண்ணுரை என்று இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. வெண்ணுரை வெண் + உரை என்றும் பிரியும் என்று மரங்கொத்தி ஐயா எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன். பிரியட்டும். அப்படி ஓர் உரையை யாரும் ஆற்றப் போவதில்லை. என் வீட்டு இயந்திரத்தின் பக்கத்தில் செந்நுரை என்றே எழுதி ஒட்டியிருக்கிறேன்.