பத்தாம் வகுப்புக் கணக்கு: 5 மார்க் பகுதி மட்டும் எழவே மாட்டேன் என்கிறது

என்னிடம் படிக்கும் மாணவன். சமச்சீர், தமிழ் வழி. பொதுத்தேர்வு மார்ச்சில். அரையாண்டில் 38.

பிரித்துப் பார்த்தால்: 1 மார்க்கில் 14-க்கு 9, 2 மார்க்கில் 20-க்கு 10, வரைபடமும் வடிவியலும் சேர்த்து 16-க்கு 10. ஐந்து மார்க்கில்தான் 50-க்கு 9.

வாய்ப்பாடெல்லாம் மனப்பாடம். கோட்டை விடுவது வேறு இடத்தில். கூம்பின் வளைபரப்புக்குச் சாயுயரம் கண்டுபிடிக்காமல் உயரத்தையே போடுகிறான். அரைக்கோளத்தின் மேல் கூம்பு வைத்தால், உள்ளே மறைந்துபோகும் வட்டப் பரப்பையும் கூட்டிவிடுகிறான். வரைபடத்திலும் இதே கதை: y = x² + x − 6 வளைவரை அழகாக வரும்; x² − 9 = 0 தீர்க்கக் கழிக்கும்போது −6 − (−9) என்பது −15 ஆகிவிடும், y = x + 3 கிடைக்காது.

புத்தகப் பயிற்சி முழுவதும், பழைய வினாத்தாள்கள், படம் வரைந்து அளவு குறித்த பிறகே கணக்கைத் தொடுவது எல்லாம் செய்தாயிற்று. தனித்தனி அத்தியாயமாகக் கொடுத்தால் போடுகிறான், முழுத்தாளில் சறுக்குகிறான். முக்கோணவியல் நிரூபணங்களை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டேன், பலன் குறைவு.

5 மார்க்கில் 14 கேள்விகளில் 10 எழுதினால் போதும், 42-வது கேள்வி கட்டாயம். அப்படியிருக்க, இவனுக்கு 5 மார்க்குக்காக எந்த அத்தியாயங்களை எந்த வரிசையில் எடுப்பீர்கள்?