மும்பை கோலிவாடா ஆச்சி வீடு (குழுவில் 14 பேர்)

புதன்

முருகேஷ், இரவு 8.12: எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும். கவிதாவுக்கு இந்த 31-ஆம் தேதியோடு வேலை முடிகிறது, அவள் ஆபீஸ் இன்சூரன்ஸும் அன்றோடு போய்விடும். என் ஆபீஸ் பாலிசியில் அவள் பெயரைச் சேர்க்க வெள்ளிக்கிழமை வரைதான் நேரம், விட்டால் அடுத்த வருடம்தான். மாதம் 800 சம்பளத்தில் பிடிப்பார்கள். சேர்க்கலாமா, இல்லை அவளுக்குத் தனியாக ஒரு பாலிசி எடுக்கலாமா?

டோம்பிவிலி அத்தை: ஞாயிறு காதுகுத்துக்கு யார் யார் வருகிறீர்கள் என்று காலையில் கேட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை.

ராஜன் அத்தான்: நாங்கள் 4.

அம்மா: வேலையை விடுகிறாளா?

முருகேஷ்: தீபாவளிக்கே சொன்னேன் அம்மா. பி.எட். படிக்கப் போகிறாள் என்று.

அம்மா: படிக்கப் போகிறாள் என்றுதான் சொன்னாய். விடப் போகிறாள் என்று சொல்லவில்லை.

முலுண்ட் பெரியப்பா, 8.31: முருகேஷ், நல்ல கேள்வி. நிதானமாகப் படி. ஆபீஸ் பாலிசி என்பது கம்பெனி தன் பெயரில் எடுத்து வைத்திருப்பது. அதில் நீயும் ஒரு ஆள், அவ்வளவுதான். நல்லது என்னவென்றால் பெரும்பாலான கம்பெனிகளில் முதல் நாளிலிருந்தே பழைய வியாதிக்கும் பணம் கிடைக்கும், மெடிக்கல் டெஸ்ட் கிடையாது, பிரசவச் செலவும் அநேகமாக உண்டு. தனி பாலிசியில் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான். கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல் போன்றவற்றுக்குப் பொதுவாக 2 வருடம் பொறுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற வியாதி என்றால் 4 வருடம். ஆனால் நீ வேலை மாறினாலும் கம்பெனி மூடினாலும் அது உன் கையில் இருக்கும். 25,000 வரை வரி போடும் வருமானத்திலும் கழித்துக் காட்டலாம். ஆகவே வயது இருக்கும்போதே, பிரீமியம் குறைவாக இருக்கும்போதே எடுத்துவிடுவது உத்தமம். 1991-ல் நான் ஏஜென்சி எடுத்தபோது முதல் பாலிசி போட்டது யாருக்கு தெரியுமா, நம் மாட்டுங்கா… மேலும் படிக்க

ராஜன் அத்தான்: மாமா, சுருக்கமாக?

லதா அக்கா: 4 இல்லை பெரியப்பா. 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 3.

முலுண்ட் பெரியப்பா: நான் படித்தபோது 4.

லதா அக்கா: நான் தினமும் உட்காருவது ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில்.

முருகேஷ்: அந்த வரிக்கழிவு எனக்கு உதவாது. நான் புதிய வரி முறையில் இருக்கிறேன், அதில் அது கிடையாது.

டோம்பிவிலி அத்தை: பிரசவமா? விசேஷமா? யாருமே வாயைத் திறக்கவில்லையே!

கவிதா: ஒன்றும் இல்லை. பெரியப்பா பொதுவாகச் சொன்னார்.

டோம்பிவிலி அத்தை: சரி சரி. நல்ல நேரத்தில் நடக்கட்டும்.

ராஜன் அத்தான்: (முன்னனுப்பிய செய்தி) மகிழ்ச்சிச் செய்தி!! இன்சூரன்ஸுக்கு இனி வரியே இல்லை!! 10 பேருக்கு அனுப்புங்கள்!!

லதா அக்கா: பாதி சரி. தனிநபர், குடும்ப பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. ஆபீஸ் குரூப் பாலிசிக்கு அதே 18 சதவீதம். வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இங்கே ஏன் ஃபார்வர்டு செய்கிறீர்கள்?

டோம்பிவிலி அத்தை, 8.52: எந்த பாலிசி எடுத்தாலும் அறை வாடகையைப் பார், முருகேஷ். எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது பாலிசி 5 லட்சம். அறைக்கு நாளைக்கு 5,000-தான் என்று உள்ளே எழுதியிருந்தது எங்களுக்குத் தெரியாது. காலியாக இருந்தது 8,000 ரூபாய் அறை. 3,000 தானே, நாம் கட்டிக்கொள்வோம் என்று மாமா சொன்னார். பார்த்தால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் எல்லாவற்றையும் அதே கணக்கில் வெட்டிவிட்டார்கள். மருந்துக்கு மட்டும் முழுசாகத் தந்தார்கள். மீதி 1,20,000-க்கு வந்தது 75,000. டிஸ்சார்ஜ் அன்று மாமா அந்தப் பில்லை மடித்து மடித்து பஸ் டிக்கெட் அளவுக்கு ஆக்கிவிட்டார்.

டோம்பிவிலி அத்தை: அந்த பாலிசி யார் சொல்லி எடுத்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

முலுண்ட் பெரியப்பா: சாந்தி, பக்கம் 7-ஐப் படி என்று அன்றே சொன்னேன்.

டோம்பிவிலி அத்தை: இங்கிலீஷில் இருந்தது அண்ணன்.

அம்மா: அந்த 45,000 நான்தான் வளையலை வைத்துக் கொடுத்தேன். 25 வந்தது.

ராஜன் அத்தான்: ஞாயிறு மெயின் லைனில் ரயில் பாதை வேலை, மெகா பிளாக் இருக்குமா? கல்யாண் ஸ்லோவா, ஃபாஸ்ட்டா?

டோம்பிவிலி அத்தை: மீதி 20-ம் தருவேன் மதினி. காதுகுத்து முடியட்டும்.

அம்மா: நான் கேட்கவில்லையே. கணக்குச் சொன்னேன்.

முலுண்ட் பெரியப்பா, 9.05: விஷயத்துக்கு வருவோம். முருகேஷ், கவிதாவுக்கு ஏற்கெனவே ஏதாவது வியாதி, மாத்திரை உண்டா? ஃபாரத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

முருகேஷ்: தைராய்டு மட்டும்தான் பெரியப்பா.

முருகேஷ்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அம்மா: நான் படித்துவிட்டேன்.

அம்மா: தைராய்டா?

ராஜன் அத்தான்: கல்யாண் ஸ்லோ என்று நினைக்கிறேன்.

அம்மா: அதை ஃபாரத்தில் எழுதாமல் விட்டால் என்ன? நாளைக்கு ஊரெல்லாம் தெரியும்.

லதா அக்கா: ஃபாரத்தை ஊர் படிக்காது அம்மா, கம்பெனிதான் படிக்கும். மறைத்து எடுத்துவிட்டு, பிறகு பழைய மருந்துச் சீட்டு ஒன்று கிளெய்ம் நேரத்தில் கிடைத்தால் பணமும் வராது, பாலிசியையே ரத்து செய்யலாம். 5 வருடம் விடாமல் கட்டிய பிறகுதான் அந்தக் கேள்வியை விடுவார்கள். அப்போதும் மோசடி என்று நிரூபித்தால் விட மாட்டார்கள்.

கவிதா, 9.11: அத்தை, கல்லூரி நாளிலிருந்து காலையில் ஒரு மாத்திரை, 50 மைக்ரோகிராம். பெண் பார்க்க வந்த அன்றே டப்பாவைக் காட்டினேன். சத்து மாத்திரையா என்று நீங்கள்தான் கேட்டீர்கள்.

அம்மா: எனக்கு ஞாபகம் இல்லை.

லதா அக்கா: எனக்கு இருக்கிறது. நல்லது, நீயும் சாப்பிடு என்று என்னிடம் சொன்னாய்.

ஆச்சி (அம்மா போனில்), 9.20: (குரல் செய்தி, 1:52)

லதா அக்கா: டிரெயினில் இருக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. யாராவது எழுதுங்கள்.

ராஜன் அத்தான்: அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார்?

அம்மா: ஆச்சி சொல்வது இது. தாத்தா மில்லில் இருந்தவரை தொழிலாளர் இன்சூரன்ஸ், இ.எஸ்.ஐ. கார்டு இருந்தது, காய்ச்சல், தலைவலி எல்லாம் அதிலேயே. 1982 ஜனவரியில் ஸ்டிரைக் தொடங்கியது. அதற்குப் பிறகு எங்கள் மில் திறக்கவே இல்லை. மறு வருடம் சாந்திக்குக் காமாலை. கார்டை எடுத்துக்கொண்டு போனால், வேலை இல்லையென்றால் கார்டும் இல்லை என்றுவிட்டார்கள். கே.ஈ.எம். ஆஸ்பத்திரி வரிசையில் விடிய விடிய நின்று காட்டினார்களாம். அந்தக் கார்டு இன்னும் தாத்தா படத்துக்குப் பின்னால் செருகி இருக்கிறது. கம்பெனிக்காரன் தருவதை வாங்கிக்கொள், ஆனால் உனக்கென்று ஒன்று வைத்துக்கொள் என்கிறார்.

டோம்பிவிலி அத்தை: அந்தக் காமாலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கரும்புச்சாறு கேட்டு அழுதேன். பெரிய அண்ணன் வாங்கித் தந்தான்.

முலுண்ட் பெரியப்பா: சயான் பாலத்தடியில்.

முருகேஷ்: அப்போது இரண்டும் எடுக்க வேண்டுமா?

லதா அக்கா: ஆபீசில் வெள்ளிக்குள் சேர். தைராய்டுக்கு அங்கே பொறுக்க வேண்டாம், ஆனால் ஒரு முறை எச்.ஆரிடம் கேட்டு உறுதி செய். தனியாகவும் ஒன்று எடு. தைராய்டுக்கான காத்திருப்பு அதில் ஓடிக்கொண்டிருக்கும், அதுவரை ஆபீஸ் பாலிசி தாங்கும்.

ராஜன் அத்தான்: சூப்பர் டாப்-அப் மலிவு என்கிறார்களே?

லதா அக்கா: 5 லட்சம் தாண்டினால்தான் தரும் வகை. நாளைக்கு வேலை போனால் அந்த முதல் 5 லட்சம் இவன் கைக்காசு.

முலுண்ட் பெரியப்பா: நான் ஞாயிறு ஃபாரம் கொண்டுவருகிறேன்.

முருகேஷ்: ஆன்லைனில் பார்த்தேன் பெரியப்பா. கவிதாவுக்கு மட்டும் 10 லட்சத்துக்கு வருடம் 9,900 காட்டுகிறது.

முலுண்ட் பெரியப்பா: ஆன்லைனில் எடுத்தால் கிளெய்ம் நேரத்தில் யாரிடம் பேசுவாய்?

டோம்பிவிலி அத்தை: நான் யாரிடம் பேசினேன்?

கவிதா, 9.41: ஆபீசில் இன்றே சேர்க்கட்டும். தனி பாலிசி என் பெயரில், என் சேமிப்பிலிருந்து நானே கட்டுகிறேன். அறை வாடகை வரம்பு இல்லாததாகப் பார்க்கிறேன். எந்தக் கம்பெனி என்று ஞாயிறு லதா அக்காவோடு பேசுகிறேன்.

அம்மா: உன் சேமிப்பு எதற்கு? நாங்கள் இல்லையா?

அம்மா: காலையில் வெறும் வயிற்றிலா சாப்பிடுகிறாய்?

கவிதா: ஆமாம் அத்தை. காபி அரை மணி நேரம் கழித்துத்தான்.

அம்மா: அதனால்தானா. நான் காபி போட்டால் நீ குடிக்க மாட்டேன் என்று நினைத்தேன்.

முருகேஷ், 10.03: ஆபீஸ் தளத்தில் திருமணச் சான்றிதழ் கேட்கிறது. எங்கே இருக்கிறது?

கவிதா: லேமினேஷன் செய்யப் பெரியப்பாவிடம் கொடுத்தீர்கள். போன வருடம்.

முலுண்ட் பெரியப்பா: பத்திரமாக பீரோவில் இருக்கிறது. ஞாயிறு கொண்டுவருகிறேன்.

முருகேஷ்: வெள்ளிக்குள் வேண்டும் பெரியப்பா. இப்போதே போட்டோ எடுத்து அனுப்புங்களேன்.

முலுண்ட் பெரியப்பா, 10.26: (படம்)

முருகேஷ்: உங்கள் கட்டைவிரலும் டியூப்லைட்டும்தான் தெரிகிறது.

லதா அக்கா: நாளைக்குப் போகும் வழியில் முலுண்டில் இறங்கி நான் வாங்கிக்கொள்கிறேன்.

டோம்பிவிலி அத்தை: அப்படியே அண்ணன் வீட்டுப் பெரிய பாயசப் பாத்திரத்தையும் எடுத்து வா. ஆக மொத்தம் எத்தனை பேர் வருகிறீர்கள்? ராஜன் ஒருவர்தான் சொன்னார்.