சுங்கத்தில் நிற்கும் வைன் பொதி: தனிநபர் விடுவிப்பது எப்படி?

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். மெல்பேர்ணிலுள்ள அண்ணா, என் மகளின் திருமணத்துக்காகப் பரோசா பள்ளத்தாக்குச் சிவப்பு வைன் ஆறு போத்தல்களை (ஒவ்வொன்றும் 750 மில்லிலீற்றர், மதுசாரம் 14.5 வீதம்) கூரியர் மூலம் அனுப்பினார். ஆனி நடுப்பகுதியில் கட்டுநாயக்கவை வந்தடைந்த பொதி இன்னும் அங்கேயே தடுத்து வைக்கப்பட்டுள்ளது.

போத்தல் விலையுடன் அனுப்புகூலியையும் காப்புறுதியையும் கூட்டிய பெறுமதியின் மீதே தீர்வை கணிக்கப்படும் என்பதும், 18 வீத பெறுமதி சேர் வரியும் மதுவரியும் அதற்கு மேலே வரும் என்பதும் தெரியும். கூலியே வைனின் விலையை விஞ்சிவிட்டதால் தொகை சிறிதாக இராது, ஆயினும் கட்ட ஆயத்தமாக உள்ளேன். சிக்கல் அனுமதிப்பத்திரத்தில்தான். கூரியர் நிறுவனம் மதுவரி அனுமதி கேட்கிறது. உள்ளூர் அலுவலகம் கொழும்புக்குப் போகச் சொல்கிறது. சுங்க முகவரோ வியாபார உரிமம் இல்லாதவருக்காகப் பத்திரம் சமர்ப்பிக்க மறுக்கிறார். விலைச்சிட்டை, அன்பளிப்புக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி அனைத்தும் கொடுத்தாயிற்று. திருப்பி அனுப்பவும் விசாரித்தேன். அதற்கான செலவில் இங்கேயே விருந்து வைத்துவிடலாம். களஞ்சியக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, இந்த வெக்கையில் வைன் எவ்வளவு நாள் தாங்குமோ. திருமணம் ஆவணியில்.

வியாபார உரிமமற்ற தனிநபராக இத்தகைய பொதியை விடுவித்தவர்கள், எந்த அனுமதியை எந்த அலுவலகத்தில் பெற்றீர்கள்?