"ஐந்து ஆண்டுகளாக" என்பதற்கு "சின்ஸ்" வருமா, "ஃபார்" வருமா?

கேள்வி:
வணக்கம். "ஐந்து ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன்" என்ற பொருளில், வேலை விண்ணப்பத்தில் "ஐ ஆம் வொர்க்கிங் இன் அக்கவுன்ட்ஸ் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த உறவினர் ஒருவர் "ஆம் வொர்க்கிங்", "சின்ஸ்" இரண்டையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். காரணம் கேட்டால் "காதுக்குச் சரியாகப் படவில்லை" என்கிறார். இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன். அப்படியிருக்க, நிகழ்காலத்தில் எழுதியதில் என்ன பிழை?

மறுமொழி 1:
அவர் அடித்தது இரண்டுமே சரிதான். "சின்ஸ்" என்பதற்குப் பின் தொடங்கிய நேரம் வர வேண்டும்: "சின்ஸ் 2019", "சின்ஸ் மண்டே". கால அளவுக்கு "ஃபார்". நம் அலுவலகக் கடிதங்களில் தாராளமாகப் புழங்கும் "சின்ஸ் லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்" என்பதும் "ஃபார் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்" என்றே இருக்க வேண்டும்.

வினைச்சொல்தான் உண்மையான சிக்கல். தமிழில் "ஐந்து ஆண்டுகள் பணிபுரிந்தேன்" என்றால் முடிந்த கதை. "ஆண்டுகளாக" என்றதும் அது இன்றுவரை தொடர்வது புரிந்துவிடுவதால், வினை நிகழ்காலத்தில் இருந்தால் போதும். ஆங்கிலத்தின் "ஃபார்" அந்த வேலையைச் செய்வதில்லை. வேலையை விட்டவரும் "ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்றுதான் சொல்வார். ஆகவே, அன்று தொடங்கி இன்றும் நடக்கிறது என்பதை வினையே காட்ட வேண்டும்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் அக்கவுன்ட்ஸ் ஃபார் ஃபைவ் இயர்ஸ்".

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் "அவரைப் பத்து ஆண்டுகளாகத் தெரியும்" என்பதற்கு "ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்" என்று எழுதலாமா?

மறுமொழி 2:
கூடாது. "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்" என்பதே சரி. "தெரிந்துகொண்டிருக்கிறது" என்று தமிழிலும் யாரும் சொல்வதில்லை அல்லவா? தெரியும், பிடிக்கும், வேண்டும் ஆகியவற்றுக்கு ஈடான ஆங்கில வினைகள் பொதுவாக "இங்" ஏற்பதில்லை. ஆனால் இந்தக் குறுக்குவழியை எல்லாச் சொற்களுக்கும் நீட்டாதீர்கள். "நம்பிக்கொண்டிருக்கிறேன்" என்று நாம் இயல்பாகச் சொன்னாலும் "பிலீவ்" அதற்கு இடங்கொடுப்பதில்லை.

மறுமொழி 1:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கேள்வி கேட்கும்போதும் இதே கவனம் தேவை. "எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்க நினைத்து "ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?" என்றால், மொத்தம் எத்தனை நாள் தங்குவீர்கள் என்றே எதிரிலிருப்பவர் புரிந்துகொள்வார், வந்த விருந்தாளியிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பதுபோல் ஆகிவிடும். "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?" என்று கேளுங்கள்.